மூரியலின் இடது பக்கம்

— கூடையை வெளியிலேயே வை, டோர்கஸ். உள்ளே கொண்டு வராதே.

— வெளியில மழை பெய்யுது, எல்லிஸ்.

— கோழிக்கு மழை புதுசா?

— கூடைக்குள்ள கோழின்னு உனக்கு யாரு சொன்னா?

— கூடை கொக்கரிக்குது. ரொட்டி கொக்கரிக்குமா?

— சரி, சேவல்தான். லிங்கன்ஷயர்காரர் ஒருத்தர்கிட்ட எழுதிப் போட்டு வரவழைச்சேன். அசல் ரெட்கேப் ஜாதி. கொண்டையை ஒரு தடவை பாரு, அப்புறம் திட்டு.

— பார்க்க மாட்டேன்.

— தங்கச்சி மூரியலைப் புதைச்ச நாளுக்கு அப்புறம் இன்னிக்குத்தான் உன் வாசப்படியில நிக்கிறேன். செஸ்டர்ஃபீல்டுலேர்ந்து பஸ் மாறி மாறி, இதை மடியில வெச்சுக்கிட்டு வந்திருக்கேன். பக்கத்துல உக்கார்ந்த ஆளு வழி பூரா என்னையே மொறச்சான். அத்தை மகன் வீட்டுல ஒரு வாய் டீ கூடக் கிடையாதா?

— டீ அடுப்பு மேல இருக்கு. ஊத்திக்கோ. நீ உள்ள வரலாம். அது வரக்கூடாது.

— நல்ல மரியாதை. சாக்காவது ஒண்ணு கொடு, மேல போட்டு மூடி வைக்கிறேன்... இந்தா, மூடியாச்சு. இப்போ சொல்லு. ஹாலம் இன்னிக்கு மத்தியானம் வரானாமே?

— யாரு சொன்னா?

— அவன் பொண்டாட்டி. சந்தையில, முட்டைக்கோசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கிட்டே சொல்றா. 'உங்க தங்கச்சி கோழிங்களையெல்லாம் எங்க வீட்டுக்காரர் எடுத்துக்கிறார், வயசானதெல்லாம் சூப்புக்குப் போகும்'னு. யாரோ பழைய நாற்காலி விக்கிற மாதிரி சொல்றா, என்கிட்டயே.

— இருக்கட்டும். என் கோழி, நான் விக்கிறேன்.

— உன் கோழியா? கேட்டுக்கோ எல்லிஸ், அது எங்கப்பா கோழி. அவருக்கு முன்னால அவரோட அப்பா கோழி. வெளி ரத்தம் ஒரு சொட்டுக் கூடக் கலக்காம வந்த கூட்டம். மூரியலைக் கட்டினதால உனக்கு வந்தது.

— ஆமா. மூரியலோட வந்தது. மூரியலோட போகட்டும்.

— இப்படிப் பேசுறதுக்கு முன்னால, இந்த வருஷம் எத்தனை பொரிஞ்சுதுன்னு சொல்லு.

— கேக்காதே.

— கேக்கத்தானே வந்திருக்கேன்.

— விரல் விட்டு எண்ணலாம். அதுலயும் பாதிக்கு மேல கால் விரல் கோணல். மீதி முட்டையை உடைச்சுப் பார்த்தேன். கூமுட்டை இல்ல, டோர்கஸ். கூமுட்டையா இருந்தா மனசு ஆறியிருக்கும். உள்ளே முழுக் குஞ்சு. இறகு முளைச்சு, அலகு ஓட்டுல முட்டிக்கிட்டு, அப்படியே செத்துக் கிடக்கு. வெளிய வரத் தெம்பில்ல.

— போன வருஷம்?

— போன வருஷம் இதுல பாதி மோசம். அதுக்கு முந்தின வருஷம் கொஞ்சம் மோசம். அவ இருந்த வரைக்கும் ஒண்ணுமில்ல.

— அதான் சொல்றேன். ரத்தம் ரொம்பக் கிட்ட வந்துடுச்சு. ஒரே ஒரு வெளிச் சேவலை ஒரே ஒரு வருஷம் விடு. அப்புறம் அதோட பேத்திங்களை நம்ம கூட்டத்தோடயே திரும்பச் சேர்த்துக்கோ. கொண்டை, கால் நிறம், எல்லாம் கொஞ்ச வருஷத்துல பழையபடி வந்துடும். எங்கப்பாவே சொல்லுவாரு, வேற வழியே இல்லாதப்ப—

— மாமா ஒரு தடவையும் அப்படிச் செய்யல. மூரியலும் செய்யல.

— மூரியல் செத்துட்டா, எல்லிஸ்.

— எனக்குத் தெரியும். நான்தான் பக்கத்துல இருந்தேன்.

— அப்போ பிடிவாதம் யாருக்காக? ஹாலம் கத்திக்குக் கொடுப்பே, ஆனா லிங்கன்ஷயர் சேவல் உன் வாசப்படி தாண்டக்கூடாது. பைத்தியக்காரன் கூட இதைவிடக் கணக்கா யோசிப்பான்.

— டீயைக் குடி.

— குடிச்சாச்சு. நீ போட்ட டீன்னு குடிச்சவுடனே தெரியுது. பதில் சொல்லு.

— உனக்குத் தெரியாதா? எல்லாரையும் விட உனக்குத்தான் தெரியணும்.

— எனக்கு என்ன தெரியணும்?

— சர்ச் சுவரோரம் அந்த சின்னக் குழி. நீ, நான், மூரியல், போதகர். பெட்டியை நான் கக்கத்துலயே இடுக்கிக்கிட்டு வந்தேன், அவ்வளவு சின்னப் பெட்டி. அது ரெண்டாவது பிள்ளை. போதகர் ஜெபம் முடிச்சுத் தொப்பியைக் கூட எடுத்துப் போடல, அதுக்குள்ள நீ என்ன சொன்னே?

— எல்லிஸ், அது எந்தக் காலம்.

— என்ன சொன்னே?

— எனக்கு நினைவில்ல.

— எனக்கு இருக்கு. 'மாமன் மகளைக் கட்டாதேன்னு அன்னிக்கே சொன்னேன். கிட்டத்து ரத்தம் சும்மா விடுமா'ன்னு சொன்னே. மெதுவாத்தான் சொன்னே. ஆனா அவ காதுல விழுந்துச்சு.

— நானும் அழுதுக்கிட்டிருந்தேன், எல்லிஸ். அழறப்ப வர்றதெல்லாம் பேச்சா?

— ஊரும் அதைத்தான் சொல்லிச்சு. ஆனா ஊரு சமையக்கட்டுல உக்கார்ந்து சொல்லிச்சு. நீ குழிக்குப் பக்கத்துல நின்னு சொன்னே.

— டாக்டர் அப்படிச் சொல்லலியே. டாக்டர் காரணமே தெரியலன்னுதானே—

— டாக்டர் தெரியலன்னாரு. நீ தெரிஞ்ச மாதிரி சொன்னே. யாரு சொன்னது நிக்கும்? அந்த வருஷம் மாமா சொத்தைப் பிரிச்சாரே, நினைவிருக்கா? நீ மூத்தவள்னு உன்கிட்ட முதல்ல கேட்டாரு. நீ பெரிய கடிகாரத்தை எடுத்துக்கிட்டே.

— அது இன்னிக்கும் ஓடுது.

— இருக்கட்டும். மூரியல் கோழியைக் கேட்டா. மாமா சிரிச்சாரு. பொம்பளைக்கு எதுக்கு, பரிசுக் கோழி வளர்க்கிறது விளையாட்டான்னாரு. ஏன் கேட்டான்னு உனக்குத் தெரியுமா?

— கோழி மேல ஆசை. சின்னதுலேர்ந்தே அவளுக்கு—

— ஆசையா. வீட்டுக்கு வந்து அந்த மேசையில உக்கார்ந்து என்கிட்டச் சொன்னா. 'எல்லிஸ், இதுங்களும் எல்லாம் ஒண்ணுக்கொண்ணு சொந்தம்தான். அத்தை, மாமன், பெரியப்பா பிள்ளைங்க. வெளி ரத்தமே இல்லாம நான் இதுங்களைத் திடமா வளர்த்துக் காட்டுறேன். யாரை யாரோட விடுறோம்னு கவனமாப் பார்த்துக்கிட்டா ரத்தம் ஒண்ணும் செய்யாது. நம்ம மேல தப்பில்லன்னு நானே பார்த்துக்கிறேன்'னா.

— அவ என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே.

— உன்கிட்ட எப்படிச் சொல்லுவா?

— ...கோழி வேற, மனுஷன் வேற, எல்லிஸ்.

— அவளுக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஒவ்வொரு வசந்தமும் குஞ்சு துள்ளிக்கிட்டு வெளிய வரும். உடனே என்னைக் கூப்பிடுவா, 'வந்து பாரு, வந்து பாரு'ன்னு. கண்காட்சியில முதல் பரிசுச் சிவப்பு அட்டை வாங்கினப்ப கூட அவ முகம் அப்படி இருந்ததில்ல. இப்போ அவ போய்ட்டா. எல்லாம் ஓட்டுக்குள்ளயே சாகுது. தினமும் காலையில குஞ்சு பொரிக்கிற பெட்டியைத் திறந்து பார்க்கும்போது நீ அந்தக் குழியோரமா நின்னு பேசினது கேக்குது. நீ சொன்னதுதான் சரின்னு. அதுக்கு மேல உன் சேவலையும் உள்ளே விட்டா, நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. ஹாலம் வரட்டும். எல்லாம் போகட்டும்.

— நான் வந்திருக்கவே கூடாது.

— வந்துட்டே. வேணும்னா ஒரு சேவலும் ரெண்டு பெட்டையும் பொறுக்கிக்கோ. மூரியலைப் புதைச்ச அன்னிக்கு நீ கேட்டப்ப கொடுக்கல, இன்னிக்கு எடுத்துக்கோ. உன் வீட்டு முற்றத்துல சாகட்டும்.

— வாய்க்கு நல்லாத்தான் வருது உனக்கு. சரி, வா. காட்டு. ஹாலம் வர்றதுக்குள்ள ஒரு தடவை கண்ணால பார்த்துக்கிறேன்.

— பார்த்து நட. கல்லு வழுக்கும்.

— உனக்கு முன்னால இந்தக் கல்லுல நடந்தவ நான்... கர்த்தரே, எவ்வளவு கொஞ்சம். மூரியல் இருந்தப்ப வயலே தெரியாது, சிவப்பா இருக்கும். அந்தச் சேவலுக்கு ஏன் கொண்டை ஒரு பக்கமாத் தொங்குது?

— இப்போ பாதி அப்படித்தான் வருது.

— ஏய். அங்கே, சுவரோரம். அது ஒத்தைக்கண்ணியா? இன்னும் உயிரோடவா இருக்கா?

— அவளை மட்டும் கழிக்க மனசு வரல. மூரியல் அடுப்பாங்கரையில பழந்துணிப் பெட்டியில வெச்சுக் காப்பாத்தினது.

— எனக்கா சொல்றே? பொரிஞ்ச அன்னிக்கு நான்தான் விளக்குப் பிடிச்சேன். மறுநாளே எலி வந்து கண்ணைத் தோண்டிட்டுப் போச்சு. வலது அடைப்புக் குஞ்சுங்கள்லயே துடியானது இதுதான்னு மூரியல் அழுதா. வாடி, வா. என்னைத் தெரியுதா?

— இடது அடைப்பு.

— என்னது?

— அவ இடது அடைப்புக் குடும்பம். வலது இல்ல. எந்த அடைப்புன்னு கால்ல குறி இருக்கு.

— வலது அடைப்பு, எல்லிஸ். நான் கூடவே இருந்தேன்.

— வயசாச்சு, மறந்திருப்பே. பிடிக்கிறேன் இரு... இந்தா. பாரு, இடது கால். நடு விரலுக்கும் ஓர விரலுக்கும் நடுவுல அந்தச் சவ்வுல ஓட்டை. மூரியல் போட்டது, விளிம்பு எவ்வளவு சுத்தமா இருக்கு பாரு. வலது கால்ல ஒண்ணுமில்ல.

— நீ எப்படிப் பிடிச்சிருக்கே?

— கோழியை எப்படிப் பிடிப்பாங்க? கக்கத்துல. தலை முன்னால. நான் பார்க்கிற பக்கமே அதுவும் பார்க்குது. என் இடது அதோட இடது.

— எல்லிஸ். ஒரு நிமிஷம். மூரியல் உனக்குக் குறி வைக்கக் கத்துக் கொடுத்தாளா?

— அந்த வேலையை அவ யார்கிட்டயும் விட்டதில்ல. அடைப்பு கட்டுறது நான், முள்கம்பி நான், சாணி அள்ளுறது நான். குஞ்சுப் பெட்டி கிட்ட வந்தா 'கை குளிர்ந்திருக்கு, போ'ம்பா.

— எங்கப்பா எங்களுக்கு எப்படிச் சொல்லிக் கொடுத்தாருன்னா, குஞ்சை மல்லாக்கப் போடணும். உள்ளங்கையில. தலை நம்ம விரல் நுனிப் பக்கம், கால் நம்மைப் பார்த்து. அப்பத்தான் விரல் தானா விரியும், சவ்வு தெரியும். அப்படி வெச்சுக்கிட்டு, நம்ம இடது கைப் பக்கம் இருக்கிற கால்தான் இடது. எங்களுக்கு அது ஒண்ணுதான் இடது.

— அதனால?

— அவளைத் திருப்பு. மல்லாக்க. காலு உன் பக்கம் வர்ற மாதிரி. கொத்த மாட்டா, திருப்பு... இப்போ சொல்லு, ஓட்டை எந்தப் பக்கம்?

— வலது.

— நான் மறக்கல பாரு.

— இருக்கட்டும். அதனால என்ன வந்துடுச்சு? எல்லாத்தையும் நான் தலைகீழாவே படிச்சிருந்தா, அவ இடதை நான் வலதும்பேன், வலதை இடதும்பேன். பேருதான் மாறும். ரெண்டு குடும்பமும் பிரிஞ்சுதானே இருக்கும். அவ சொன்னபடியேதான் செஞ்சேன். குஞ்சுக்கு அம்மா குடும்பத்துக் குறி. சேவல் எப்பவும் எதிர் அடைப்புக்குப் போகணும், தன் அடைப்புப் பெட்டைகிட்ட விடக்கூடாது. ஒரு வருஷம் கூடத் தவறல.

— அவ செத்த வருஷம் குஞ்சுக்கு யாரு குறி வெச்சது?

— நான்தான். வேற யாரு இருக்கா?

— எப்படி வெச்சே? நினைச்சுப் பார்த்துச் சொல்லு.

— என்ன நினைக்கிறது. வியாழக்கிழமை புதைச்சோம். சனிக்கிழமை பொரிஞ்சுது. முட்டைங்களை அவதான் அடுக்கி வெச்சிருந்தா, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னால. ஒவ்வொரு முட்டை மேலயும் பென்சிலால எழுதியிருந்தா, இடது, வலதுன்னு. அவ கையெழுத்து. அந்த முட்டை ஓடுங்களை நான் இன்னும் தூக்கிப் போடல.

— அப்புறம்?

— அப்புறம் என்ன. இடதுன்னு எழுதின முட்டையிலேர்ந்து வந்த குஞ்சை எடுத்தேன். நிமிர்த்திப் பிடிச்சேன். அதோட இடது கால்ல போட்டேன்.

— அதோட இடது கால்ல.

— இடதுன்னா இடது கால்தானே, டோர்கஸ். கண்ணு சரியாத் தெரியல எனக்கு. ரொம்ப ஜாக்கிரதையாப் போட்டேன். அவ கடைசிக் குஞ்சுங்க, தப்பிடக்கூடாதுன்னு ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவை பார்த்துப் போட்டேன்.

— எல்லிஸ், அந்த ஒத்தைக்கண்ணியைக் கீழே விடு.

— எதுக்கு?

— விடு. சுவர்ல சாஞ்சு உக்காரு. அவ வெச்ச இடது ஒரு கால்ல இருக்கு. நீ வெச்ச இடது மறு கால்ல இருக்கு. குளிர்காலத்துல எல்லாத்தையும் ஒண்ணா வயல்ல விட்டிருப்பே. மறு வசந்தம் காலைப் பார்த்துப் பிரிச்சிருப்பே.

— பிரிச்சேன்.

— அவ காலத்துப் பெட்டைங்க. நீ குறி வெச்ச இளஞ்சேவலுங்க. காலைப் பார்த்தா அம்மா ஒரு குடும்பம், பிள்ளை இன்னொரு குடும்பம்.

— வேற குடும்பம்தானேன்னு...

— ஆமா.

— மகனை அம்மாகிட்ட விட்டேன்.

— சித்திங்ககிட்டயும். அக்காங்ககிட்டயும். அதுலேர்ந்து வந்ததுக்கு மறுபடி அப்படியே குறி, மறு வருஷம் மறுபடி அப்படியே. எங்கப்பா கூட்டம் எவ்வளவு நாளாவோ ஒரு கயித்து மேல நடந்துக்கிட்டிருந்துச்சு. அவ பிடிச்சுக்கிட்டு நடத்தினா. நீ கண்ணை மூடிக்கிட்டு நடத்தியிருக்கே.

— கண்ணை மூடிக்கிட்டு.

— நான் அந்த அர்த்தத்துல சொல்லல, எல்லிஸ். உன் மேல ஒரு தப்பும் இல்ல. பொண்டாட்டியைப் புதைச்ச வாரம், மனுஷனுக்கு எது இடது எது வலதுன்னு எப்படித் தெரியும்? நான் வந்திருக்கணும். குறி வைக்கத் தெரிஞ்சவ நான் ஒருத்திதான் மிச்சம். ஒரு சேவல், ரெண்டு பெட்டை கேட்டு நீ கொடுக்கலன்னு கோவிச்சுக்கிட்டுப் போய் அந்தக் கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டு உக்கார்ந்திருந்தேன்.

— அவ இருந்த வரைக்கும் சரியா இருந்துச்சு.

— சரியா இருந்துச்சு.

— அவ்வளவு கிட்டத்து ரத்தம். ஆனா திடமா இருந்துச்சு.

— திடமா இருந்துச்சு. ஜட்ஜுங்க எல்லாரும் பார்த்தாங்களே.

— அப்போ ரத்தம் கெடல.

— ரத்தம் கெடல, எல்லிஸ். கலைச்சு விட்டதுதான்... கேட்டுக்கோ, அவ கையால குறி வெச்சது வேற ஏதாவது இருக்கா? ஒத்தைக்கண்ணி வலது. இடதுல ஒரு சேவல் இருந்தாக் கூடப் போதும், பழைய சேவலா.

— வாசல்ல ஒரு கிழவன் திரியறான். போதகர்னு பேர் வெச்சிருந்தா. காலு வீங்கிக் கிடக்கு. அதனால அவனை எந்த அடைப்புலயும் விடவே இல்ல.

— அவனோட எந்தக் கால்ல?

— அவனோட வலது கால்ல.

— அப்போ மூரியலுக்கு இடது. அவனை அவகிட்ட விடு. வாரத்துக்கு ரெண்டு முட்டை போட்டாலும் போதும். மெதுவா ஆரம்பிக்கலாம். கிழவன் ஏமாத்தினா, அப்புறம் லிங்கன்ஷயர்காரனைக் கூப்பிடலாம், அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல. ஏன் இப்படி என்னையே பார்க்கிறே?

— நீ என்னமோ சொல்லிக்கிட்டிருந்தே. முன்னால.

— என்ன சொன்னேன்? உன் மேல தப்பில்லன்னு—

— அது இல்ல.

— எல்லிஸ், அன்னிக்குக் குழியோரமா நான் சொன்னது பொய். எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. துக்கத்துல எதையாவது ஒண்ணைக் காரணம்னு பிடிச்சுக்கணும்னு இருந்துச்சு, உங்க ரெண்டு பேரையும் பிடிச்சுக்கிட்டேன்.

— இருக்கட்டும். அது இல்ல நான் கேக்கிறது.

— ரோட்டுல வண்டி சத்தம் கேக்குது. ஹாலமாத்தான் இருக்கும்.

— கேட்டைச் சாத்து. இன்னிக்கு ஒண்ணும் விக்கிறதுக்கு இல்லன்னு சொல்லு. அந்தக் கூடையை மழையிலேர்ந்து எடுத்து அடுப்புப் பக்கத்துல வை, பாவம் அது என்ன பண்ணுச்சு.

— வெக்கிறேன். நீ முதல்ல எழுந்திரு, தரை ஈரம்.

— எழுந்திருக்கிறேன். குஞ்சுங்க ஏன் செத்துச்சு, டோர்கஸ்? நேராச் சொல்லு.

— சொல்லித்தான் ஆகணுமா?

— ஆமா.

— உன்னாலதான். நீ குறியைத் தப்பா வெச்சே. ரத்தம் காரணமே இல்ல.

— இன்னொரு தடவை சொல்லு. கொஞ்சம் சத்தமா.